மூச்சும் பேச்சும்

கவலைகளை நான்காகப் பிரித்துத் தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னார், கூடுவாஞ்சேரியில் பிறந்த ஒரு கைத்தறி நெசவாளர். அனுபவித்தே தீர்க்க வேண்டியவை, அலட்சியம் செய்து விட்டுவிட வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே இறங்கித் தீர்க்க வேண்டியவை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இதில் எது, மாமியார் சொன்ன சொல் எது, செத்துப்போன தம்பி எது என்று அவரவரே பிரித்துக்கொள்ள வேண்டும். கோபத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு: யார் மீது, எதனால் என்று. தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண்பயிற்சி. உடம்பைத் தேய்த்துவிட்டு, தளர்த்திப் படுக்கும் ஓய்வு. பிறகு கண்மூடி உட்கார்ந்து புருவ மத்தியில் கவனம் வைக்கும் தவம். முதலில் உடம்பு, அடுத்து கவனம், கடைசியில் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் பேச்சு.

அந்த நெசவாளர்தான் வேதாத்திரி மகரிஷி (1911–2006). இந்த முறைக்கு மனவளக்கலை என்று பெயர் வைத்தார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார்; தலைமையிடம் பின்னாளில் ஆழியாறுக்குப் போனது. தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் சில நிலையங்களில் அவருடைய ஊர் வந்துவிடும். செம்பாக்கத்துக்காரர்களான எங்களுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர். இந்த வட்டாரத்தில் அவருடைய எளிய முறை உடற்பயிற்சியைச் செய்கிறவர்களில் பலருக்கு அது மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்து. அகத்தாய்வு என்று அவர் அழைத்த தாள்வேலை வரைக்கும் வந்து சேர்கிறவர்கள், நான் பார்த்த வரையில், குறைவு.

இதற்கு இணையான வேலை அமெரிக்காவில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் நடந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் 1960களில், மனச்சோர்வில் இருப்பவர்களின் எண்ணங்களை எழுதவைத்து, அவை உண்மைதானா என்று அவர்களோடு உட்கார்ந்து சரிபார்க்கும் சிகிச்சையை உருவாக்கினார். ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு வருகிறவர்களுக்குப் பல வாரப் பயிற்சி தொடங்கினார். மூச்சைக் கவனிப்பது, கால்விரலிலிருந்து தலைவரை உடம்பைக் கவனத்தால் தடவிவருவது, சில ஆசனங்கள். அதுதான் இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று உலகமெங்கும் புழங்குகிறது. சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் 1990களில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அவர்களுடைய முதல் பெரிய சோதனை 2000இல் வெளிவந்தது; 145 பேர் அதில் இருந்தார்கள். மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளாகி மீண்டவர்களுக்கு அது திரும்ப வருவது கணிசமாகக் குறைந்தது. இரண்டே தடவை வந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று மார்தட்டுவது வழக்கம். எனக்கு அதில் நாட்டமில்லை. இரண்டே தடவை வந்தவர்களுக்குப் பலனில்லை என்ற அந்த வரியைப் பாருங்கள். யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று சொல்லும் ஒரு வரி. தன் பயிற்சியைப் பற்றி அப்படிச் சொல்லும் பழக்கம் நம் மனவளக்கலை மன்றங்களுக்கு இன்னும் வரவில்லை. இங்கே எல்லாமே எல்லோருக்கும் நல்லது.

ஆனாலும் உடம்பிலிருந்து தொடங்கியதில் நெசவாளரின் கணக்கு சரி. இந்த மண்ணில் மனசின் துயரம் முதலில் உடம்பின் பேச்சாகத்தான் வெளியே வரும். 'நெஞ்சு அடைக்குதுங்க', 'தலை கனமா இருக்கு', 'வயித்துல என்னமோ பெரளுது', 'உடம்பெல்லாம் எரியுது.' ஈசிஜி எடுத்து, ஸ்கேன் எடுத்து, 'எல்லாம் நார்மல், டென்ஷன்தான்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள். இதை அறியாமை என்று நினைத்த காலம் உண்டு: படிப்பு வந்தால் 'எனக்கு மனச்சோர்வு' என்று நேராகச் சொல்லிவிடுவார்கள் என்று. மனநல மருத்துவர் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 80 நோயாளிகளிடம் பேசி 1996இல் எழுதிய ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. மனச்சோர்வின் அறிகுறி மிகுந்தவர்களிடம் அவமான உணர்வும் மிகுந்திருந்தது. உடல் உபாதைகள் மிகுந்தவர்களிடம் அது குறைந்திருந்தது. நெஞ்சுவலி என்றால் பக்கத்து வீட்டார் ஹார்லிக்ஸ் வாங்கி வருவார்கள். மனசு சரியில்லை என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். உடம்பைச் சொல்லித் துயரத்தைச் சொல்வது விவரம் தெரிந்தவர்களின் வழி.

அப்படி வருகிறவரிடம் 'உங்களுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, உங்கள் எண்ணங்களைப் பற்றிப் பேசுவோம்' என்று தொடங்கும் கவுன்சலிங், அவர் திறந்த கதவைச் சாத்திவிட்டு வேறொரு கதவைத் தட்டச் சொல்கிறது. 'நெஞ்சு எங்கே அடைக்கிறது? எந்த நேரத்தில்? மூச்சு அப்போது எப்படி இருக்கிறது? ஒரு கையை அங்கே வைத்துப் பாருங்கள்' என்று கேட்டால் பேச்சு தானாகத் தொடரும். சாயங்காலம் ஆறு மணிக்கு அடைக்கிறது. ஆறு மணிக்கு யார் வீட்டுக்கு வருகிறார்கள்? அங்கிருந்து கதை அவிழும்.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் செய்த வேலை, இப்படி உடம்பிலிருந்து தொடங்கும் வேலைகளில் எனக்கு முதலாவதாகவே தோன்றுகிறது. 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற 1998ஆம் ஆண்டு ஆங்கில நூலில் அவர் விவரிக்கும் சமூகம் குண்டுவீச்சும் இடப்பெயர்வும் காணாமல்போதலும் வருடக்கணக்காகத் தாங்கியது. நோயாளிகள் தலையிடி, நெஞ்சுநோ, பெருமூச்சு என்று வந்தார்கள். மருத்துவர்களோ சிலரே. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துப் பல மாதம் பேச அங்கே யாருக்கும் அவகாசமில்லை. அவர் தளர்வுப் பயிற்சிகளைக் கையில் எடுத்தார். தசைகளை இறுக்கித் தளர்த்தும் ஜேக்கப்சன் முறையோடு, மக்கள் ஏற்கெனவே அறிந்த வழிகளையும் சேர்த்துக்கொண்டார். சைவர் என்றால் ஜெபமும் பிரணவமும். கத்தோலிக்கர் என்றால் செபமாலை. முஸ்லிம் என்றால் இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரு. பௌத்தர் என்றால் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. பாட்டி சொல்லிக் கொடுத்த சொல்லையே திரும்பச் சொல்கிறவருக்குச் சிகிச்சை அந்நியமாகத் தெரியாது. வீட்டார் துணைக்கு உட்காருவார்கள். மருத்துவர் இல்லாத நாளிலும் அது நடக்கும்.

மதத்துக்கு மதம் மாறும் இந்தச் சொற்களுக்குள் பொதுவாக இருப்பது என்ன? இத்தாலியில் பெர்னார்டியும் குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஓரளவு விடை தருகிறது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீனில் செபமாலை சொல்லவைத்தார்கள்; மந்திரமும் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு இறங்கியது. அந்த வேகத்தில் மூச்சின் ஏற்ற இறக்கமும் இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் இயல்பான அலைவும் ஒரே தாளத்தில் விழுகின்றன. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடம்பின் அனிச்சை பலப்படுகிறது. திருமூலர் உள்ளிழுக்கப் பதினாறு, நிறுத்த அறுபத்து நான்கு, வெளிவிட முப்பத்திரண்டு என்று மாத்திரைக் கணக்குச் சொன்னவர். அது தேர்ந்த யோகிக்கான கணக்கு; பதற்றத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை மூச்சைப் பிடித்து நிறுத்தச் சொன்னால் அவர் இன்னும் பதறுவார். வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அதிலிருந்து அவருக்கு எடுத்துக் கொடுக்கலாம்.

இனி நம் கடற்கரைக்கு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்கள் முகாம்களில் இருந்தார்கள். அவர்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2010இல் ஆக்டா சைக்கியாட்ரிகா ஸ்காண்டிநேவிகா இதழில் வந்தது. டெசிலோ, கெர்பார்க், பிரவுன் ஆகியோரோடு நிம்ஹான்ஸின் நாகராஜாவும் கங்காதரும் அதில் பங்கேற்றார்கள். மூச்சும் பேச்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தமிழர்களிடம் நேரடியாகக் கேட்டுப் பார்த்த ஆய்வு என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தத்தை அளக்கும் 17 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 50க்குக் குறையாமல் எடுத்த 183 பேரை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு யோக மூச்சுப் பயிற்சி மட்டும். இன்னொன்றுக்கு மூச்சுப் பயிற்சியும், அதன்பின் தனியாக 3 முதல் 8 மணி நேரம், அன்று நடந்ததைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிச் சொல்லவைக்கும் பேச்சு முறையும். மூன்றாவது குழு ஆறு வாரம் காத்திருந்தது. ஆறாவது வாரம் அளந்தபோது மூச்சுக் குழுவின் மதிப்பெண் சராசரியாக 42.5 குறைந்திருந்தது. மூச்சும் பேச்சும் பெற்ற குழுவில் 39.2. காத்திருந்தவர்களுக்கு 4.6.

அப்படியானால் பேச்சு தேவையே இல்லையா? யோக நிலையங்கள் அப்படித்தான் படிக்க விரும்பும். நான் அவ்வளவு சீக்கிரம் அங்கே போகமாட்டேன். அந்தக் கேள்விப் பட்டியலின் உச்சம் 85, அடிமட்டம் 17. அறுபதுகளில் இருந்தவர்கள் நாற்பதுக்கு மேல் இறங்கினால் ஏறக்குறைய தரையைத் தொட்டுவிட்டார்கள்; பேச்சு தன் பங்கைக் காட்ட அளவுகோலில் மிச்சம் இடமில்லை. தவிர, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, முகாம் முகாமாகப் பிரித்தார்கள். ஒரு முகாமில் நிவாரணம் ஒழுங்காக வந்து, இன்னொன்றில் வராமலிருந்தால் அதுவும் கணக்கில் கலந்துவிடும். இவ்வளவு பெரிய இறக்கமே என்னைக் கொஞ்சம் சந்தேகப்பட வைக்கிறது. சொல்லிக் கொடுக்க வந்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று நல்ல பதிலாகச் சொல்லும் பழக்கம் நம் ஊர் மரியாதையில் ஒன்று. இன்னொன்று, மூச்சுப் பயிற்சி என்று பேர் இருந்தாலும் அங்கே நடந்தது மூச்சு மட்டுமல்ல. ஒரே அலையில் உறவுகளை இழந்தவர்கள் பல மாதங்களுக்குப் பின் ஒரே அறையில் ஒரே தாளத்தில் மூச்சு விட்டார்கள். அது பேச்சில் சேராது என்று யார் சொல்வது?

பேச்சு முதலில் போய், உடம்பு பின்னால் வந்து சேர்ந்த கதையும் உண்டு. பாஸ்டனில் மனநல மருத்துவர் வான் டெர் கோல்க் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 64 பெண்கள். அதே அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தத்துக்கு வருடக்கணக்கில் பேச்சு சிகிச்சை பெற்றும் தேறாதவர்கள். அந்த சிகிச்சையை நிறுத்தாமலே பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகா சேர்த்தார்கள். மற்றொரு குழுவுக்குப் பெண்களின் உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா குழுவில் 31இல் 16 பேர் நோயின் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள்; மற்றதில் 29இல் 6 பேர். அந்த யோகா எப்படிச் சொல்லித்தரப்பட்டது என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். 'கையைத் தூக்குங்கள்' என்ற கட்டளை இல்லை. 'விருப்பமிருந்தால் தூக்கிப் பாருங்கள்.' கண்ணை மூட வேண்டிய கட்டாயமில்லை. ஆசிரியர் வந்து தொட்டுத் திருத்துவதில்லை. தன் உடம்பு பிறர் கையில் சிக்கிச் சீரழிந்த ஒருத்திக்கு, இது என் உடம்பு, நான் சொன்னால் அசையும், வேண்டாமென்றால் நிற்கும் என்பதுதான் பாடம். நம் வகுப்புகளில் இடுப்பைப் பிடித்து வளைத்துவிடும் கைகளை நினைத்துக்கொள்கிறேன்.

எல்லா மனநோய்க்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது. நிம்ஹான்ஸில் துரைசாமி, திருத்தல்லி, நாகேந்திரா, கங்காதர் ஆகியோர் 2007இல் மனச்சிதைவு நோயாளிகள் 61 பேரிடம் மருந்தோடு யோகாவைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் உடற்பயிற்சி செய்தவர்களைவிட யோகா செய்தவர்கள் நான்கு மாதத்தில் கூடுதலாகத் தேறினார்கள். அது மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு. காதில் குரல் கேட்கும் ஒருவரைக் கண்மூடி உள்ளே கவனிக்கச் சொல்வது அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி வைத்தது போலாகிவிடலாம். ஆசனத்துக்கும் மூச்சுக்கும் அந்த அபாயம் குறைவு. 'தியானம் பண்ணா சரியாப் போயிடும்' என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறவினர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நல்லது என்று எல்லோருக்கும் ஊற்றினால் பலன் வராது என்பதற்கு பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு ஆய்வு சாட்சி: 85 பள்ளிகள், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்கள், மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு வழக்கமான பாடங்களைவிட அவர்களுக்குக் கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை.

சொற்களில் ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் மனநல ஆலோசனை என்கிறோம். ஆலோசனை என்ற சொல்லைக் கேட்டு வருகிறவர் புத்திமதியை எதிர்பார்த்துத்தான் வருவார். வாய்ப்பேச்சில் தேர்ந்தவர்கள் அதைக் கொடுத்தும் விடுவார்கள். ஈழத்தில் அதற்கு உளவளத்துணை என்று பெயர். மனவளக்கலை, உளவளத்துணை. மனமும் உளமும் ஒன்று, வளம் பொது. மிஞ்சும் வித்தியாசம் கலைக்கும் துணைக்கும் நடுவில். கலையைக் கற்றுக்கொண்டு தனியாகச் செய்யலாம். துணைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.

மனவளக்கலையின் பலமும் குறையும் இங்கேதான் என்று நினைக்கிறேன். தாளில் நான்காகப் பிரித்த கவலையை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, கட்டணம் பெரிதில்லை, பைத்தியம் என்ற பேர் வராது. வெட்கப்படும் ஒரு சமூகத்துக்கு அது எவ்வளவு பெரிய வசதி! ஆனால் கோபப் பட்டியலில் முதல் பேராகக் கணவன் பேரை எழுதுகிறாள் ஒருத்தி. அவன் அடிக்கிறவன். சினம் தவிர்த்து, மன்னித்து, வாழ்க வளமுடன் என்று வாழ்த்தச் சொல்கிறது பாடம். அவள் கோபம் தவிர்க்க வேண்டியதா, காவல் நிலையம் வரைக்கும் கூட்டிப் போக வேண்டியதா என்று தாள் கேட்காது. எதிரே ஒருவர் இருந்தால் கேட்பார். மூச்சைச் சீராக்கும் எந்தப் பயிற்சியும் அநியாயத்தைத் தாங்கிக்கொள்ளும் பயிற்சியாக மாறிவிடக்கூடும். பெண்களுக்கு இங்கே அதைத்தான் பொறுமை என்ற பேரில் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

தாம்பரத்தில் ஒரு சாலையோரமாகவே இந்தக் கதையின் துண்டுகள் கிடக்கின்றன. டாக்டர் சௌரி முத்து, இங்கிலாந்தின் மெண்டிப் மலைகளில் காசநோய் இல்லம் நடத்திக் கணிதமேதை ராமானுஜனுக்கே வைத்தியம் பார்த்தவர், 1928இல் இங்கே சானடோரியம் தொடங்கினார். திறந்த வெளியும் காற்றும் ஓய்வுமே அப்போது மருந்து. அதே வளாகம் 1990களில் எச்ஐவி நோயாளிகளை ஏற்றுக்கொண்டது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேசும் நம்பிக்கை மையத்து ஆலோசகர்கள்தான், என் கணிப்பில், தமிழ்நாட்டின் சாதாரண ஜனங்கள் பலருக்கு அறிமுகமான முதல் கவுன்சலர்கள். பக்கத்திலேயே 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. நாடி பார்த்து, வர்மம் தொட்டு, மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் மரபு. ஒருபுறம் பேச்சு, மறுபுறம் உடம்பு. நடுவில் ஒரு மதில்.

மதில் இல்லாமல் ஒரு சிகிச்சை அறை எப்படி இருக்கும்? ஆடம்பரம் ஒன்றுமில்லை. முதல் சில நிமிடம் பாதங்களைத் தரையில் பதித்து, நாற்காலி முதுகைத் தாங்குவதைக் கவனிக்கச் சொல்வது. பிறகு பேச்சு. சொல்லிக்கொண்டே வரும்போது தோள் ஏறுகிறது, குரல் மெலிகிறது. 'இப்ப உடம்புல என்ன நடக்குதுன்னு சொல்ல முடியுமாம்மா?' என்று ஒரு கேள்வி. தாங்க முடியாத இடம் வந்தால் கதையை நிறுத்திப் பாதத்துக்குத் திரும்புவது, கண்ணைத் திறந்து சன்னல் வழியே எதையாவது பார்க்கச் சொல்வது, நீளமாக மூச்சு விடுவது, பிறகு விட்ட இடத்திலிருந்து கொஞ்சம். வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு சின்னப் பயிற்சி, அதுவும் அவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்றிலிருந்து: பூப்பறிப்பது, கோலம் போடுவது, தொழுகை, செபமாலை. எதையும் அவர் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது. நினைவு தப்பிக் கிடப்பவரை 'மூச்சு பேச்சில்லை' என்கிறோம். உயிர் இருப்பதற்கு அடையாளமாக இந்த மொழி கேட்கும் இரண்டும் அப்படி ஒரே அறைக்குள் வந்துவிடுகின்றன.

சிகிச்சை அறை இல்லாமலே தேறியவர்களும் உண்டு. திண்டுக்கல் பக்கம் ஒரு முத்துசாமி கோயில். மனநோயாளிகள் வீட்டாரோடு வந்து தங்கிய இடம். ரகுராமின் குழு அங்கே தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து 2002இல் எழுதியது. விசேஷச் சடங்கு எதுவும் அங்கே செய்யப்படவில்லை. காலையில் சிறு பூஜை, பிறகு வளாகம் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. சராசரியாகச் சில வாரத் தங்கலில் நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. எது வேலை செய்தது என்று ஆய்வாளர்கள் ஒன்றைச் சுட்டவில்லை. ஆதரவான, விரட்டாத இடம் என்பதைத்தான் குறித்தார்கள்.

செம்பாக்கத்தில் நான் போய்வரும் ஒரு மாடி வகுப்பு இரவு ஏழரைக்கு முடியும். வகுப்பில் யாரும் பேசுவதில்லை. ஆனால் கீழே செருப்பு மாட்டும் இடத்தில் ஐந்தாறு பேர் எப்போதும் நின்றுவிடுவார்கள். போன வாரம் ஒரு அம்மா, ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுமையுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, 'அவர் போனதுல இருந்து எனக்கு ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுதுக்கா' என்றார். பக்கத்திலிருந்தவர் தன் பையைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மேலே ஆசிரியை விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.